அக்காவின் வீடு

எங்கள் அக்கா கிரானில், நெல்வயல் வட்டைகள் சூழ்ந்த வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு அவர் ஒரே உடன்பிறப்பு. அவரது புகழை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதுகிற இடம் கையைத் தடுக்கிறது. இது கல்லடியில் எங்கள் அப்பா அக்காவுக்கென்று கட்டிய வீடு. மூத்த பெண்ணுக்கே வீடு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார் என்பது நம் வழக்கம். உறவுகளே, உங்களுக்குத் தெரியாததா?

பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் அக்கா சண்டைக்காரி வேசம் கட்டினார். இடுப்பில் கையை வைத்தாலே போதும், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவரைக் கேட்டு மாப்பிள்ளை வரவில்லை. என்னைக் கேட்டு வந்தார்கள். "நாடகக்காரி இரிக்கிற வீட்டில எங்கட பொடியன் எப்பிடி இரிக்கிற?" என்றார் வருங்கால மாமியார். அக்காதான் சொன்னார்: "வீட்டத் தங்கச்சிக்குக் குடுங்க அம்மா. எனக்கு மேடை இரிக்கி. கூரைதான் இல்ல, மழை வந்தா பாப்பம்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், பாவி.

புளியந்தீவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் போனார். சண்டை மூண்ட ஒருநாள் ஷெல் விழுந்து அந்த அறையின் கூரை போயிற்று. அக்கா ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலம் கடந்து என்னிடம் வந்தார். உள்ளே மாமியார் இருந்தார். நான் வாசற் படலையைப் பிடித்தபடி, "என்ன அக்கா, இந்த நேரத்தில?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். "வாங்க" என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சும்மா, உன்னப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தன் புள்ள. தேத்தண்ணி ஒண்டு தா." வாசலில் நின்றே குடித்தார். பை தோளிலிருந்து இறங்கவேயில்லை.

அங்கிருந்து அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்துக்குப் போய், அழுத பிள்ளைகளுக்குச் சண்டைக்காரி வேசம் ஆடிக் காட்டினார். பின்னர் அவர் எழுதிய தன்வரலாற்றில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பது அந்த அத்தியாயத்தைத்தான். புத்தகம் வந்ததும் அதில் என்னைத் தேடினேன். "தங்கச்சி வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனேன்" என்று மட்டும் இருந்தது. என்னைத் திட்டி எழுதியிருக்கலாம். தங்கச்சி வீடாம்!

அந்தப் புத்தகம் அவரைப் பேச்சாளராக்கியது. பள்ளிகளும் மாதர் சங்கங்களும் அழைத்தன. பக்கத்துக் காத்தான்குடி முஸ்லிம் பெண்களும் ஆசையோடு கூப்பிட்டார்கள். ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "மூத்தவ நீங்க, உங்கட சீதன வீடு எங்க?" என்று கேட்டுவிட்டார். பின்வரிசையில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா இடுப்பில் கையை வைத்தார். "அதக் கேட்டு ஒரு மாப்பிள்ளையும் வரல்லியேகா! வந்தாத்தானே தேடுவன்!" மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. என்னைக் காப்பாற்றவே அந்தப் பகிடி என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நோயில் விழுந்து ஆசுபத்திரியில் கிடந்தபோது, "வீட்ட போவம் அக்கா" என்றேன்.

"மாமி என்ன சொல்லுவா?" என்றார். மாமியார் காலமாகி எத்தனையோ வருடம். நான் விம்மி விம்மி அழுதேன். "பகிடிக்குச் சொன்னன் புள்ள, அழாத" என்று என் கையைத் தடவினார். மறுநாள் கண்மூடினார். உயிரோடு அவரைக் கூட்டிவர எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"பிரேதத்த எங்க கொண்டு போற?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். "அவட வீட்டுக்கு" என்றேன். படலையை அகலத் திறந்து, "வாங்க அக்கா" என்று கூப்பிட்டேன். என்ன பயன்?

ஆசுபத்திரியில் துணைநின்றோருக்கும், பந்தல் போட்ட அயலவருக்கும், ராணுவச் செக்பொயின்ற்களில் இறங்கி ஏறிக் கிரானிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் நன்றி. அன்று நீங்கள் மிதித்தது என் வாசல் அல்ல. வந்தவர்களை வாங்க என்று வரவேற்க வேண்டிய வீட்டுக்காரி நடுவீட்டில் பேசாமல் கிடந்தார். அவருக்காக நான் கைகூப்புகிறேன்.

தங்கை