என் நாக்குக்கு மட்டும் குறைந்த சர்க்கரை

எங்கள் டீக்கடைக்கு ஒருபக்கம் உப்புப் பாத்திகள், மறுபக்கம் பாண்டிச்சேரிக்குப் போகிற ரோடு. வடையும் போண்டாவும் என் கணவர் போடுவார். டீ போடுவது நான். கடை திறந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு மாறியதில்லை. காலையில் முதல் டீயை நான் குடித்துப் பார்ப்பேன். சரி என்று தோன்றினால்தான் கிளாஸ்களை வரிசையாக வைப்பேன். சர்க்கரைக்கு அளவு எதுவும் கிடையாது. கை போடும், நாக்கு போதும் என்று சொல்லும்.

ஒரு கோடையில்தான் முதல் புகார் வந்தது. இருட்டு பிரிவதற்குள் உப்பு வாரப் போகிறவர்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்காருவார்கள். அவர்களோடு வருகிற மேஸ்திரி அதிகம் பேசாதவர். அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அக்கா, கொஞ்சம் டிக்காஷன் ஊத்திக் குடுங்க. பாயசம் மாதிரி இருக்குது."

ஊற்றிக் கொடுத்தேன். அவர் போன பிறகு பாத்திரத்தில் மீதியிருந்ததைக் குடித்துப் பார்த்தேன். பாயசமாவது ஒன்றாவது. இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் போலத்தான் இருந்தது. மேஸ்திரிக்கு வாய் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் வேறு சிலரும் சொன்னார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண்கள் ஆர்டர் சொல்லும்போதே "ஆன்ட்டி, சக்கரை கம்மியா" என்றார்கள். என் கணவர் வடைச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து, "கவனத்த எங்க வெச்சிக்கினு போடற?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் சந்தேகம் சர்க்கரை மேல் இருந்தது. மளிகைக் கடையில் மூட்டை மாறியிருக்க வேண்டும், இதில் என்னத்தையோ கலக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் மளிகைக்காரரிடமே நீட்டினேன். அவர் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்ல அஸ்கா சக்கரதாம்மா இது. நம்ம வீட்லயும் இதான் போடறோம்."

நானும் போட்டுக்கொண்டேன். இனித்தது. ஆனால் எங்கோ பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல இனித்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கோடை முழுக்கத் தாகம் வேறு. குடத்தைக் கவிழ்த்துக் குடித்தாலும் அடங்கவில்லை. உப்பளத்து வெயிலில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்று அதையும் விட்டுவிட்டேன்.

விஷயம் வெளியே வந்தது ஒரு தட்டு கேசரியால். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று நாத்தனார் வந்திருந்தாள். என் கணவருக்குத் தங்கை, பாண்டிச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். ஒரு ஸ்பூன் கேசரி எடுத்து வாயில் வைத்தவள், மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இத நீங்க டேஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன். கம்மியா இருந்துச்சு, அப்பால இன்னொரு கரண்டி போட்டேன்."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். தண்ணீர் நிறையக் குடிக்கிறேனா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறேன், கால் எரிகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் லேபில் இருக்கும் முகமாக மாறியது. மறுநாள் சாப்பிடாமல் வரச் சொன்னாள். அவளே ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். சாயங்காலம் போன் செய்து, "சக்கரை இருக்குது அண்ணி. நல்லாவே இருக்குது" என்றாள்.

நம் பேச்சில் அந்த நோய்க்கும் சக்கரை என்றுதான் பெயர், டப்பாவில் இருப்பதற்கும் சக்கரை என்றுதான் பெயர். போனை வைத்துவிட்டு நான் யோசித்தது அதைத்தான். பயம் பிறகுதான் வந்தது. உடம்பு முழுக்கச் சர்க்கரை ஓடும்போது நாக்குக்கு மட்டும் எப்படி அது தெரியாமல் போகும்?

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டிருந்தபோது இதைக் கேட்டேன்.

"மேடம், சக்கரை ஏறினதால நாக்கு மந்தமாச்சா, நாக்கு மந்தமானதால சக்கரை ஏறுச்சா?"

எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் பெரிய வரிசை நின்றது, ஆனாலும் பதில் சொன்னார்.

"ஒன்னுக்கு ஒன்னு கை குடுக்கும்மா. ரத்தத்துல ரொம்ப நாள் சக்கரை அதிகமா இருந்தா சில பேருக்கு இனிப்பு மந்தமாவுது. தெரியலன்னு இன்னும் கொஞ்சம் போட்டுக்குவாங்க. வாய் காஞ்சி போறதும் ஒரு காரணமா இருக்கலாம், நரம்பும் இருக்கலாம். எல்லாருக்கும் இப்படி ஆவாது. உங்களுக்கு எதனாலன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"திரும்பி வருமா?"

"சக்கரைய மொதல்ல கொறைங்க. வருதான்னு நீங்கதான் வந்து எனக்குச் சொல்லணும்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கோ ஒரு வேலை கொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நாலு தம்ளர் தண்ணீர் எடுத்து, ஒன்றில் ஒரு சிட்டிகை சர்க்கரை, அடுத்ததில் கொஞ்சம் கூட என்று ஏற்றிக்கொண்டே போய்க் கரைத்தேன். கணவரிடம் இடம் மாற்றி வைக்கச் சொன்னேன். துப்பித் துப்பித்தான் பார்த்தேன். சர்க்கரை அதிகம் போட்ட தம்ளர் மட்டும் உடனே தெரிந்தது. அதற்கு முந்தையதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மற்ற இரண்டும் குழாய்த் தண்ணீர். அவர் குடித்துப் பார்த்துவிட்டு, நாலுமே இனிக்கிறது என்றார். இரண்டு பேரும் ஒரே தம்ளரில் குடித்தோம், அவருக்கு இருந்தது எனக்கு இல்லை. கண்ணுக்கு எதிரில் நிற்கும் ஆளை, இல்லை என்று சொல்வது மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து டீக்குச் சர்க்கரை போடுவது அவர் வேலையாயிற்று. நான் பாலைக் காய்ச்சுவேன், தூளைப் போடுவேன், தூக்கி ஆற்றுவேன். சர்க்கரை டப்பா மட்டும் அவர் பக்கம் போய்விட்டது. டீ நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பாதிதான் எனக்கு என்று தோன்றும். மாத்திரை ஆரம்பித்த நாட்களில் வாயெல்லாம் தகரத்தை நக்கியது போல இருந்தது. சோறு தகரம், குழம்பு தகரம். அது போகச் சில வாரங்கள் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி ஒரு கை நிறைய இலை கொண்டுவந்தார். அவர் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் சிறுகுறிஞ்சான்.

"சக்கரைக்கு நல்லதுன்னு சொல்றாங்கக்கா. எங்க வீட்ல பொடி பண்ணி வெச்சிருப்பாங்க."

நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "டாக்டரக் கேக்காம மருந்தா எல்லாம் சாப்பிடாதீங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ஆனா ஒரே ஒரு இலைய மென்னு துப்பிட்டு சக்கரைய வாயில வெச்சிப் பாருங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

மென்றேன். பச்சைக் கசப்பு. துப்பிவிட்டுச் சர்க்கரையை நாக்கில் வைத்தேன். மணல். கடற்கரையில் காற்றடித்தால் பல்லில் நறநறக்குமே, அதே மணல். மிச்சமிருந்த இனிப்பும் ஒரு இலையில் போய்விட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு இலை கேட்டார்கள். சற்று நேரத்தில் கடையில் எல்லோரும் இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு சுமக்கும் ஒரு அம்மா, "இன்னாடி இது, மண்ணத் திங்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மேஸ்திரி தன் மணிக்கட்டில் காய்ந்திருந்த உப்பை மெதுவாக நக்கிப் பார்த்தார்.

"உப்பு அப்படியே இருக்குது" என்றார். "இனிப்பு மட்டும்தான் போயிருக்குது."

அதை எல்லோரும் தங்கள் கைகளில் நக்கிச் சரிபார்த்தார்கள். அங்கே உப்புக்குப் பஞ்சமில்லை.

என் கணவர் கடைசியாக மென்றார். பிறகு அவரே சர்க்கரை போட்டு ஆற்றிய டீயை எடுத்துக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்னுமே இல்லையே. சுடுதண்ணில சாயம் கரைச்ச மாதிரி இருக்குது." கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "உனக்கு இப்படியாம்மா இருந்துச்சு?"

"இவ்ளோ மோசமில்லங்க. இதுல பாதி."

அவர் சர்க்கரை டப்பாவைத் திறந்து இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினார். குடித்தார். மறுபடியும் போடக் கை போயிற்று, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடை முழுவதும் என் கை போனது அப்படித்தான். கவனம் எங்கே என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்டதில்லை. அவருக்கெல்லாம் மதிய வடைக்கு மாவு அரைப்பதற்குள் ருசி திரும்பிவிட்டது.

எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. சோற்றைக் குறைத்தேன், கேழ்வரகுக் களிக்கு மாறினேன். சாயங்காலம் பாத்திக் கரையில் நடந்தேன். இனிப்பை அடியோடு விட்டது எனக்கே ஆச்சரியம். தெரியாத ருசியை விடுவதில் பெரிய கஷ்டம் இல்லை. மழை வந்து உப்பளம் வெள்ளக்காடாகி, கடையில் ஆள் குறைந்திருந்த ஒரு காலையில் பாலைக் காய்ச்சிக் கொஞ்சம் ஊற்றி, சர்க்கரை இல்லாமல் குடித்தேன். இனித்தது. யாராவது போட்டுவிட்டார்களோ என்று பாத்திரத்தைப் பார்த்தேன். கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பால் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

இத்தனை வருஷம் பால் காய்ச்சியும், பாலுக்கு என்று ஓர் இனிப்பு இருப்பதை நான் கவனித்ததே இல்லை. அன்றைக்கு ஒரு வெங்காயத்தை வதக்கித் தின்றேன். இனித்தது. கேரட் இனித்தது. பச்சரிசியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மெல்ல மெல்ல அதுவும். வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருப்பதைக் காட்டிவிட்டு, நாக்கு கொஞ்சம் திரும்பியது அதனாலா, இத்தனை மாதம் இனிப்பே தொடாததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டுமாக இருக்கும் என்றார். நான் இப்போது இன்னொன்றைக் கவனித்து வருகிறேன். காலையில் எழுந்ததும் மந்தமாக இருக்கிற நாக்கு, பதினோரு மணி வாக்கில் கூர்மையாகிவிடுகிறது. சளி பிடித்தால் வேறு மாதிரி. இது என் நோயா, எல்லோருக்கும் இப்படித்தானா என்று தெரியவில்லை. கணவரைக் கேட்டால், தான் அப்படியெல்லாம் பார்த்ததில்லை என்கிறார். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும். வரிசை நீளமாக இல்லாமல் இருந்தால்.