நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது

அந்த மாலைக் கல்லூரிக்குச் சொந்தமாகக் கட்டடம் கிடையாது. பகலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து மூக்கு நோண்டும் அறையை ஆறரை மணிக்கு மேல் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பெஞ்சு முழங்கால் உயரம்தான். சுவரில் ஒன்பதாம் வாய்ப்பாடு. கரும்பலகைக்கு மேலே தும்பிக்கை பிய்ந்த ஒரு காகித யானை. அதன் காலடியில் நின்றுகொண்டுதான் மிஸ் 'வணிகச் சட்டம்: ஓர் அறிமுகம்' நடத்தினார்.

மிஸ்ஸுக்கு வகுப்பு வைத்த பெயர் 'செல்லாது மிஸ்'. எதைக் கேட்டாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். குடிபோதையில் போட்ட கையெழுத்தா, செல்லாது. மைனர் போட்டதா, செல்லாது. ஒருமுறை கடைசி பெஞ்சுக் கும்பல், 'இந்த மாதம் டெஸ்ட் வைக்க மாட்டேன்' என்று ஒரு காகிதத்தில் எழுதி, வருகைப் பதிவேட்டுக்கு நடுவில் செருகி, மிஸ்ஸிடம் கையெழுத்தே வாங்கிவிட்டது. மறுநாள் மிஸ் அதைத் தூக்கிக் காட்டினார்.

"ஏமாத்தி வாங்கின சம்மதம். செல்லாது. டெஸ்ட் நாளைக்கு."

எல்லோரும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். பவர் அக்கா மட்டும் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

பவர் அக்காவுக்கு முப்பத்தேழு வயது. வகுப்பில் மற்ற யாருக்கும் இருபதைத் தாண்டவில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. விரல் இடுக்கில் எப்போதும் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். முதல் நாளே பக்கத்து பெஞ்சுப் பையன் பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியதும், "தம்பி, உனக்கு இடது கண்ணு மைனஸ் ஒண்ணேகால் இருக்கும், போய்ப் பாரு" என்றாள். போய்ப் பார்த்தான். ஒன்றேகாலேதான். அதற்குப் பிறகு வகுப்பே வரிசை கட்டியது, 'பவர் அக்கா' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, எனக்கு எவ்ளோ?"

"உனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லடா. கோளாறெல்லாம் மண்டையில."

எதற்காக இந்தப் பாடத்தில் சேர்ந்தீர்கள் என்று மிஸ் கேட்டபோது ஒருத்தன் அப்பாவின் கடைக்காக என்றான். ஒருத்தி, வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதைத் தள்ளிப்போட என்றாள். பவர் அக்கா எழுந்து நின்று, "ஒரு காகிதத்தைப் படிச்சுப் புரிஞ்சுக்கணும் மிஸ்" என்றாள். விளம்பர நோட்டீஸில் அவள் கண்ணில் பட்டது 'சட்டம்' என்ற சொல் மட்டும்தான். அதற்கு முன்னால் 'வணிக' என்று ஒன்று நிற்பதைக் கட்டணம் கட்டிய பிறகுதான் பார்த்தாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் சொல்கிறவள்!

அந்தக் காகிதம் அவள் கைப்பையில், பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாய் மடிந்து கிடந்தது. பத்தொன்பது வயதில் அவள் கையெழுத்துப் போட்டது. வயிற்றில் பிள்ளையைக் கொடுத்தவன் ஊரைவிட்டே போயிருந்தான். அவனைப் பற்றி இதற்குமேல் மை செலவழிக்க வேண்டாம். அவளுடைய அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. குழந்தை பிறந்த பதினோராம் நாள் அக்கா வந்து தூக்கிக்கொண்டாள். அக்காவின் கணவர், அவள் 'மாமா' என்று கூப்பிடுகிறவர், எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளும் மனிதர். அந்த வாரம்தான் தன் ஸ்கூட்டரை விற்றிருந்தார். விற்ற பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி பார்த்து எழுதினார். என்ஜின் நம்பர் இருந்த இடத்தில் பிறந்த தேதி. 'மேற்படி ஆண் குழந்தை நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது. இனி எனக்கு இதில் எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை. அழைப்பின்றி வந்து பார்க்க மாட்டேன். உண்மையை எக்காலத்திலும் குழந்தையிடம் சொல்ல மாட்டேன். மீறினால் சட்டப்படி நடவடிக்கைக்கு உட்படுவேன்.'

அந்தக் கடைசி வரிதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தது. வாயைத் திறந்தால் போலீஸ் வரும், பிள்ளையை எங்கேயாவது விடுதியில் போட்டுவிடுவார்கள் என்று பத்தொன்பது வயதில் பயந்தாள். பயத்துக்கு வயதாகவில்லை. கூப்பிட்டபோது போனாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், நாற்காலி நுனியில். பையன் "சித்தி" என்பான். பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அடுத்த மாதம் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. மேல்படிப்புக்கு வெகுதூரம் போகப்போகிறான் என்று அக்கா போனில் சொன்ன வாரம்தான் அவள் கட்டணம் கட்டினாள். அவன் கிளம்புவதற்குள், ஒரே ஒரு தடவை, 'நான்தான்டா' என்று சொல்லலாமா கூடாதா? அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எட்டாவது வாரம் கையைத் தூக்கினாள்.

"மிஸ், 'அ' என்பவர் தன்கிட்ட இருந்த ஒண்ணை 'ஆ'வுக்குக் குடுத்துட்டார். திரும்பிக் கேக்க மாட்டேன்னு எழுதியும் குடுத்துட்டார். அது செல்லுமா?"

"என்ன பொருள்?"

"பொருள்னா…"

"ஃப்ரிட்ஜா அக்கா?" என்றது கடைசி பெஞ்சு. "கிரைண்டரா? மாமியாரா? மாமியார்னா திரும்பிக் கேக்காதீங்கக்கா!"

"சும்மா இருங்கடா," என்றார் மிஸ். "அசையும் சொத்தா, அசையாச் சொத்தா? அதைச் சொல்லுங்க."

தூக்கத்தில்கூடக் காலை உதைத்துக்கொண்டே இருந்த ஒன்று அது.

"அசையும்," என்று சொல்லிவிட்டுப் பவர் அக்கா உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸே அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். மிஸ்ஸுக்கு இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரம் எப்போதும் முகத்தில் இருக்கும். காகிதத்தை வாங்கி, குழாயடி விளக்குக்குக் கீழே நின்று படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். பஸ்ஸை மறந்துபோனார்.

"அக்கா, இது செல்லாது."

அந்தச் சொல்லை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எப்போலேர்ந்து மிஸ்?"

"எழுதின அன்னிக்கே. பிள்ளையை வண்டி மாதிரி எழுதிக் குடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. முறையா தத்து எடுக்கறது வேற சட்டம், வேற பாடம், அதுக்கு வக்கீலைப் பாக்கணும். ஆனா இந்தக் காகிதத்தை வெச்சு உங்களை யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது. நீங்க எப்ப வேணும்னாலும் போய்ப் பாத்திருக்கலாம்."

"எப்ப வேணும்னாலுமா?"

"ஆமாக்கா."

"அவன் நடக்க ஆரம்பிச்சப்போ?"

மிஸ் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே நாலாய் மடித்தார்.

"ரெண்டாம் வகுப்புல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தான் மிஸ். நான் கேட்டுக்கு வெளியில நின்னுட்டு வந்துட்டேன். உள்ள போனா கேஸ் ஆயிடும்னு. அப்பவுமா?"

"அப்பவும்தான்," என்று சொல்லிவிட்டு மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பவர் அக்கா வாய்ப்பாடு ஒட்டியிருந்த அறைக்கே திரும்பிப் போய், அந்தக் குட்டி பெஞ்சில் முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்தாள். வாட்ச்மேன் வந்து சாவியை ஆட்டும் வரை எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பில்லாமல் போனாள். முதல் முறையாக.

கதவைத் திறந்தவன் பையன்தான். அவளைவிட ஒரு தலை உயரம். "வாங்க சித்தி. அம்மா உள்ள இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டான். அவள் நேரே சமையலறைக்குப் போய், அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மேடையில் காகிதத்தை விரித்தாள்.

"இது செல்லாதாம்க்கா."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "இதை இன்னுமா வெச்சிருக்க? எங்ககிட்ட இருந்த இன்னொரு காப்பியை உங்க மாமா அவனுக்கு நாலு வயசுலயே கிழிச்சுப் போட்டுட்டாரே. 'என்ன கிறுக்குத்தனம் பண்ணிட்டேன்'னு சொல்லிட்டு."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீதான் வர்றதே இல்லையே. மறந்துட்டு நிம்மதியா இருக்கன்னு நெனச்சோம்." அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் பாதிதான் காரணம். "இல்லடி. பொய் சொல்றேன். நீ வராம இருந்தது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதான் சொல்லல."

பவர் அக்கா திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். பிறகு மேடையில் கிடந்த வெங்காயத் தோலை ஒதுக்கினாள். பிள்ளைக்கு அம்மை போட்டபோது இருபது நாள் தூங்காமல் இருந்தவளும் இதே அக்காதான்.

"சொல்லணும்னா சொல்லு," என்றாள் அக்கா. "நான் தடுக்க மாட்டேன். ஆனா போற நேரத்துல… நீயே பாத்துக்கோ."

"அம்மா!" என்று பையன் உள்ளே வந்தான். "அந்த நீலச் சட்டை எங்க? நேத்தே இஸ்திரி போடச் சொன்னேன்ல?"

"எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு? உன் அலமாரியிலதான் தொங்குது, கண்ணு எங்க போச்சு?"

"கண்ணாடி வழுக்கிட்டே இருந்தா கண்ணு எப்படித் தெரியும்?"

பவர் அக்கா கையை நீட்டினாள். "குடு, நான் பாக்கறேன்."

கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். வெந்நீரில் காதில் மாட்டும் காம்பின் நுனியைக் காட்டி, இளக்கி, கட்டைவிரலால் வளைத்தாள். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் செய்கிற வேலை. அன்றைக்கு இரண்டு தடவை வளைக்க வேண்டியிருந்தது. பிறகு அவனைக் குனியச் சொல்லி, தானே மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் பொருந்துகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். பதினோராம் நாளுக்குப் பிறகு அவனை அவள் தொட்டது அப்போதுதான். எவ்வளவு நேரம் பொருத்தம் பார்க்கலாமோ அவ்வளவு நேரம் பார்த்தாள்.

"செம சித்தி," என்று தலையை ஆட்டிப் பார்த்தான். "சுத்தமா நகரல."

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அக்கா, "சித்தியை பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுட்டு வாடா" என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று அக்கா, தங்கை இரண்டு பேருக்குமே தெரியும். சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடை நாலு நிமிடம். பையன் போனைப் பார்த்தபடி இரண்டடி முன்னால் போனான். இத்தனை வருடமாக, சொல்லாததற்கு அவளிடம் ஒரு காகிதம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சொல்லலாம். எந்தச் சட்டமும் வராது. மருந்துக்கடையைத் தாண்டினார்கள். அவன் யாரோ நண்பனுக்குக் குரல் செய்தி அனுப்பினான். "இல்ல மச்சான், அம்மா ஒரு வாரமா அழுதுட்டே இருக்கு. அதை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"டேய்," என்றாள்.

அவன் போனை இறக்கித் திரும்பினான். "சொல்லுங்க சித்தி."

அவன் நிஜமாகவே காத்திருந்தான், பெரியவர்கள் பேசும்போது காத்திருக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளை. கற்றுக்கொடுத்தவள் அங்கே குழாயை ஓடவிட்டு நிற்கிறாள்.

"காதுக்குப் பின்னால வலிச்சா பொறுத்துக்கிட்டு இருக்காத. எந்தக் கண்ணாடிக் கடையில கேட்டாலும் கொஞ்சம் தளர்த்தித் தருவாங்க."

"சரி சித்தி."

அவள் ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, வெளியே பார்த்தாள். பஸ் இன்னும் நகரவில்லை. அவன் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தான்.