வராத ஆறாம் இதழ்

அன்று அறையில் இருந்தவர்கள்: எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் டைரக்டர். ஆய்விதழை நடத்தும் மேடம். எல்லாக் கமிட்டியிலும் உட்காரும், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வயதான பேராசிரியர். சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்த தம்பி. அப்புறம் நான், டீ ஃப்ளாஸ்கோடு.

நான் எட்டாவது வரை படித்தவன். இதழ் அறை என் பொறுப்பு. கட்டுப் பிரிப்பேன், ஸ்டாம்பு ஒட்டுவேன், தபாலாபீசுக்குத் தூக்கிப் போவேன். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், வீராம்பட்டினத்தில் வலை இழுக்கிறவர்கள் என்று ஜனங்களைப் பற்றிய கட்டுரைகள் அதில் வரும்.

அன்றைய பேச்சு, இதழை வைப்பதா மூடுவதா என்பது. மூடினால் மேடத்தின் பதினோரு வருஷ உழைப்பு போகும். நான் மறுபடி சேதராப்பட்டு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டும்.

தம்பி விளக்கினார். "யார் படிச்சாங்கன்றது கணக்கில்ல சார். மத்தவங்க கட்டுரைக்குக் கீழ நம்ம கட்டுரைய எத்தினி வாட்டி குறிப்பிட்டாங்கன்றதுதான் கணக்கு. அத நம்ம கட்டுரை எண்ணிக்கையால வகுத்தா ஒரு நம்பர் வரும். ஒண்ணுக்குக் கீழ போனா மூடிடலாம்."

"கன்னாபின்னான்னு திட்டி எழுதியிருந்தா?" என்றார் பேராசிரியர்.

"திட்டினாலும் ஏறும் சார்."

"அப்ப நான் நெறைய பேருக்கு நல்லது பண்ணியிருக்கேன்."

திரையில் ஒவ்வோர் இதழாக வந்தது. எல்லாம் அரைக்கும் கீழே. மேடம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஆறாம் இதழ் வந்தது. நம்பர் பன்னிரண்டு.

டைரக்டர் நிமிர்ந்தார். "மொத்தமா சேத்தா?"

"ஒண்ணத் தாண்டுது சார். இதழ் பொழச்சிக்கும்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, அந்த ஆறாம் இதழ எடுத்தாந்து காட்டு."

நான் நகரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் ஃப்ளாஸ்கைப் பார்த்தேன்.

இதழ் அச்சாகும் முன்பே அதன் கட்டுரைப் பட்டியலை எல்லாக் கல்லூரிக்கும் அனுப்புவது எங்கள் வழக்கம். ஆறாம் இதழின் பட்டியலை, பொறு என்று மேடம் சொல்வதற்குள் நான் தபாலில் போட்டுவிட்டேன். அதே வாரம் அச்சகக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார். எழுதியவர்கள் கட்டுரைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்து வந்தது ஏழாம் இதழ்.

"அது வரல சார்" என்றேன்.

"எங்க வரல?"

"அச்சே ஆவல. லிஸ்ட் மட்டும் போச்சு. நான்தான் அனுப்பிட்டேன்."

பேராசிரியர் இருமல் வரும்வரை சிரித்தார். "லிஸ்டப் பாத்து ஒருத்தன் தன் கட்டுரைக்குக் கீழ போட்டிருக்கான். அவனப் பாத்து மத்தவன். மெர்சி முசே, ரொம்ப நன்றிப்பா! படிக்காம எழுதறவன நான் பாத்திருக்கேன். இல்லாததப் பத்தி எழுதறவன இப்பதான் பாக்கறேன்."

டைரக்டர் சிரிக்கவில்லை. "தம்பி, அத எடுத்துட்டா?"

"மூடணும் சார்."

"அப்ப எடுக்காத."

"சார், வராத இதழ வெச்சா பொழைக்கணும்?" என்றார் மேடம். "வந்த மத்ததெல்லாம் என்னா?"

"அதுங்களும் இருந்துட்டுப் போவட்டும்மா" என்றார் டைரக்டர்.

இதழ் தொடரும் என்று தீர்மானம் எழுதினார்கள். நான் டீ ஊற்றினேன். மேடம் தொடவில்லை.

சிறந்த இதழ் எத்தனை பிரதி கையிருப்பு என்று எண்ணி, பதிவேட்டில் ஏற்றச் சொன்னது ஆபீஸ். அறைக்குப் போனேன். ஐந்தாம் இதழ்க் கட்டுகளுக்கும் ஏழாம் இதழ்க் கட்டுகளுக்கும் நடுவில் ஒரு சந்து. என் சோத்து டப்பாவை அங்கேதான் வைப்பேன். டப்பாவை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறாம் இதழ், கையிருப்பு: 0.