கணினிப் பெட்டியோடு வந்தவர்

லினக்ஸ் இயங்குதளத்தைத் தாமே கணினியில் நிறுவிப் பழகுவோருக்கான எங்கள் இணையக் குழுவில் யார் எப்போது சேர்ந்தார்கள் என்பதை நான் குறித்துவைப்பேன். ஒரு பெண் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஞாயிறன்று பாகாயத்தில் குழு நேரில் கூடியபோது, அவர் துப்பட்டாவில் சுற்றிய கணினிப் பெட்டியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். தூக்கமில்லாத கண்கள். ஒவ்வொரு முறையும் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"மேல்விஷாரத்துல தோல் கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன் சார். ஸ்லோவா இருக்குதேன்னு நானே லினக்ஸ் போட்டேன். இப்ப ஆன் ஆவல. எக்ஸ்போர்ட் பேப்பர் எல்லாம் இதுலதான். நாளைக்கு முதலாளி பாத்தா வேலை போய்டும்."

"குழுவுல கேட்டிருக்கலாமேம்மா?"

"புதுசா வந்த ஒருத்தர் கேட்டதுக்கு, 'குறிப்பெல்லாம் படிக்காம வந்து பேஜார் பண்ணாதீங்க'ன்னு ஒரு சார் எழுதினாரு. முதலாளிய விட அவர்கிட்டதான் பயம் ஜாஸ்தி. அவர் வந்திருக்காரா?"

அதை எழுதியவன் நான்.

"வரலம்மா" என்றேன்.

பெட்டியை வாங்கிச் சோதித்தேன்; கோப்புகள் அழியவில்லை. ஒரு மணி நேரத்தில் கணினி பழையபடி ஓடியது. அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"குழுவுல உங்களுக்கு தேங்க்ஸ் எழுதப்போறேன். உங்க பேரு இன்னா சார்?"

இப்போது நான் சுற்றிலும் பார்த்தேன்.