புளியில் குளித்த ஐந்து சதங்கள்

போன மாதம் மிசிசாகாவில் ஒரு வாகனத் தரிப்பிட இயந்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அது ஏற்காமல் துப்பும் நாணயங்கள் விழும் கிண்ணத்தில் ஓர் அமெரிக்க ஐந்து சதம் கிடந்தது. கறுத்து, ஓரமெல்லாம் பிசுக்கு. ஆண்டைப் பார்த்தேன்: 2009. கனேடிய ஐந்து சதம் ஒன்றை அதனிடத்தில் போட்டுவிட்டு, இன்னும் மூன்று முறை பார்த்தேன்.

அந்த ஒன்றுக்காகத்தான் சின்னம்மா இத்தனை வருடம் காத்திருந்தார். என் சின்ன வயதில் அவர் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். வோபர்னில் ஒரு பலசரக்குக் கடையில் காசாளர் வேலை. சில்லறையோடு கலந்து வரும் அமெரிக்க ஐந்து சதங்களை, தன் கைக்காசைப் போட்டு மாற்றிக் கொண்டுவருவார். தான் பிறந்த ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பட்டியல் என் பொறுப்பு. எட்டு வயதில் கொப்பியில் கோடு போட்டுத் தொடங்கியது, இன்று கணினியில் இருக்கிறது. 2009இல் குறைவாகவே அடித்தார்கள் என்று அறிந்து, இணையத்தில் வாங்கலாமே என்றேன்.

“காசு குடுத்தால் ஆருக்கும் வரும் பிள்ளை. இது தானா வரவேணும்.”

பன்னிரண்டு வயதில், பொங்கலுக்கு முதல் நாள், அம்மா குத்துவிளக்கு மினுக்கி மிஞ்சிய புளியில் அத்தனை நாணயங்களையும் தேய்த்துக் கழுவினேன். சின்னம்மா மகிழ்வார் என்று நினைத்தேன். சேர்ப்பவர்கள் நாணயத்தைக் கழுவவே மாட்டார்கள் என்பதைப் பிறகுதான் நூலகப் புத்தகத்தில் படித்தேன். அழுதுகொண்டே போய்ச் சொன்னேன்.

“ஐயோ, எல்லாரையும் முழுக வாத்திட்டியே!” ஆண்டுக்கொரு குழியாக நாணயங்களை அடுக்கிவைத்திருந்த தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “சரி விடு. பொங்கலுக்கு முழுகத்தானே வேணும்.”

அதன்பின் வந்த ஒவ்வொன்றும் புளியில் குளித்தே தட்டில் ஏறியது. பிறகு கடையில் எல்லோரும் வங்கி அட்டையை நீட்டத் தொடங்கினார்கள். சின்னம்மாவும் வேலையை விட்டு அஜக்ஸுக்குக் குடிபோனார். “இனி உது வராது, பட்டியலை மூடு” என்று போன வருடம் சொன்னார். நான் மூடவில்லை.

அந்தச் சனிக்கிழமையே அஜக்ஸுக்குப் போனேன். சின்னம்மா கண்ணாடியைப் போட்டு ஆண்டை வாசித்தார். தட்டில் வெறுமையாக இருந்த ஒரே குழியில் நாணயத்தை வைத்தார். வெளுத்த வரிசையின் நடுவே அது மட்டும் கறுப்பாக இருந்தது.

“உவர் மட்டும் ஊத்தையோடை நிக்கிறார்.”

“சின்னம்மா, இது கிடைக்காத ஆண்டு. கழுவினால் மதிப்புப் போயிடும்.”

“நான் என்ன விக்கவே போறன்?” குசினிக்குப் போய்ப் புளிப் போத்தலோடு வந்தார். “இந்தா. நீதானே தொடக்கினனீ, நீயே வார்.”

நான் புளியைக் கரைத்தேன்.