ஜோதியம்மாளின் வேங்கைக் கட்டில்

ஜோதியம்மாள் எனக்கு ஓரகத்தி முறை. அவள் புருஷன் எல்லப்பனுடைய அப்பாவும் என் வீட்டுக்காரருடைய அப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மத்திகிரிக்குத் தெற்கே நாங்கள் வாழ்க்கைப்பட்ட ஊரில் அவள் வீடும் என் வீடும் எதிரெதிர். அவள் பிறந்தது அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், காட்டோரம். அவள் அப்பாவிடம் மாடு உண்டு, மேட்டு நிலம் கொஞ்சம் உண்டு, நகை போடத்தான் வழியில்லை. மரம் மட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதனால் மகளுக்குச் சீராக ஒரு கட்டில் செய்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

வேங்கைமரக் கட்டில். நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அசையும். கயிறு கிடையாது, மேலே முழுப் பலகை. கால்கள் நல்ல உயரம். அவள் கல்யாணத்தன்று பெண்ணைப் பார்க்க வந்தவர்களைவிடக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் அதிகம் என்று என் மாமியார் சொல்லிச் சிரிப்பாள்.

எல்லப்பன் அதிக நாள் இருக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளையும் இல்லை. அவன் போனபிறகு ஜோதியம்மாள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். ஏன் அக்கா இப்படி என்று கேட்டால், "அத்தாம் பெருசுல நான் ஒருத்தி என்னா பண்ணுவேன்" என்பாள்.

அந்தக் கட்டிலை முதலில் இரவல் கேட்டது அவள் கொழுந்தன் சின்னராஜ். அவன் பெண்டாட்டி நாகம்மாவுக்குப் பிரசவம். எங்கள் ஊரில் அப்போது கட்டில் இருந்த வீடுகளே கொஞ்சம். இருந்தவையும் கயிற்றுக் கட்டில்கள். பச்சை உடம்புக்காரி படுத்தால் தொட்டில்போலத் தொய்ந்து இடுப்பு விட்டுப்போகும். வேங்கைக் கட்டிலில் அந்தக் கஷ்டம் இல்லை. அடியில் தணல்சட்டி வைக்க உயரமும் இருந்தது. தீட்டுக் கழிந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்தால் போதும். நாகம்மா அதில் படுத்து எழுந்தாள். பிறந்தது பெண், ராஜாத்தி.

கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரவல் வாங்கின படியையோ முறத்தையோ எங்கள் பக்கம் வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒரு பிடி தானியமாவது, நாலு வெற்றிலையாவது போட்டுத்தான் கொடுப்போம். கட்டிலில் எதைப் போடுவது? சின்னராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நாகம்மாதான், "இதுல பொறந்தவளே வரட்டுமே" என்று சொல்லிப் பிள்ளையைத் துணி விரித்துக் கட்டிலில் கிடத்தினாள். நாலு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். ஜோதியம்மாள் வாசலில் நின்று கட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, நாக்கில் சர்க்கரை தொட்டு வைத்து, சாயங்காலம் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அதுவே முறையாகிவிட்டது. எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் கட்டில் போகும். வரும்போது பிள்ளையோடு வரும். பிள்ளையில்லாதவளை நல்ல காரியத்துக்குக் கூப்பிட யோசிக்கிற ஊர்தான் எங்கள் ஊர். ஆனாலும் கட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியாதே. அதனால் எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரு பொழுது அவள் மடிக்கு வந்தது. என் பிள்ளைகள் மூன்றும் அப்படி வந்தவைதான். தெருவில் ஓடுகிற பயல்களைக் காட்டி, "இவன் என் கட்டில்ல மூத்திரம் உட்டவன், அவன் அழுதே ஊரைக் கூட்டினவன்" என்று அடையாளம் சொல்வாள்.

அப்புறம் ஓசூரில் பெட்டிக் கட்டில் வந்தது.

பெங்களூர் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். அந்தப் பெட்டிகளை உடைத்த பலகையை ஆஞ்சப்பன் என்கிறவன் லாரியில் வாங்கிவந்து, ஓசூர் சந்தைக்குப் பக்கத்தில் போட்டு ஆணியடித்துக் கட்டில் செய்தான், மேசை செய்தான், ஸ்டூல் செய்தான். வெளுத்த மரம், ஒருவிதப் பிசின் வாசனை. ஒரு ஆள் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோகலாம். பலகைமேல் கருப்பு மையில் இங்கிலீஷ் எழுத்தும் அம்புக்குறியும் ஒரு டம்ளர் படமும் இருக்கும். எங்கள் தெருவில் முதலில் வாங்கின வீட்டில், டம்ளர் படம் இருக்கிற மூலைதான் தண்ணீர் வைக்கிற இடம் என்று நினைத்துத் தினமும் அங்கேயே சொம்பு வைத்தார்கள்.

குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது ஒரு பிரசவத்துக்குத் தாங்கும், மூட்டைப்பூச்சி வந்தால் உடைத்து அடுப்பில் வைக்கலாம். தீட்டுக் கட்டிலைக் கழுவுகிற வேலையும் இல்லை. யார் வாசலிலும் போய் நிற்கவேண்டாம், நாலு ஆளைக் கூப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுக்கவேண்டாம். ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டார்கள். என் மூத்த மகள் பிரசவத்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரரும் ஒன்று வாங்கிவந்து போட்டார். ஜோதியம்மாள் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். "நல்லா லேசா இருக்குதே, நீ ஒருத்தியே நகத்திக்கலாம்" என்றாள். மகள் பெற்ற பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். வாங்கினாள், உடனே திருப்பிக் கொடுத்தாள். கட்டிலோடு வராத பிள்ளையை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று அவளுக்குத் தெரியவில்லைபோல.

வேங்கைக் கட்டில் சுவரோரமே கிடந்தது. அவள் அதைத் துடைப்பதை மட்டும் விடவில்லை.

அவளுக்கு மிச்சம் இருந்த எண்ணம் ஒன்றுதான். ராஜாத்தி. அந்தக் கட்டிலில் முதலில் வந்த பிள்ளை. நாகம்மா மாரில் கட்டி வந்து செத்தபோது ராஜாத்திக்குப் பாவாடை கட்டத் தெரியாத வயது. சின்னராஜ் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைவாரி, சோறு ஊட்டி, வயதுக்கு வந்தபோது மஞ்சள் நீராட்டி எல்லாம் செய்தவள் ஜோதியம்மாள்தான். பெரியம்மா, பெரியம்மா என்று அவள் முந்தானையைப் பிடித்தே வளர்ந்தது அந்தப் பெண். தளிக்கு இந்தப் பக்கம் ஒரு கன்னடக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஆட்சி வேறு கட்சிக்கு மாறின மறுவருஷம் அவள் உண்டானாள்.

தாய் இல்லாத பெண்ணுக்குத் தலைப்பிரசவம் எங்கே? ஜோதியம்மாள் தன் வீட்டை வெள்ளையடித்து வைத்தாள். ஆனால் மாமியார் வெங்கடம்மாள், "நம்ம ஊட்டுலயே பார்த்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிள்ளை பெறாதவள் வீட்டில் தலைப்பிரசவம் வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜோதியம்மாள் என்னிடம், "அதனால என்னா, கட்டிலாவது கேட்டனுப்புவாங்க. கேட்டா பிள்ளை இங்க வந்துதானே ஆவணும்" என்றாள்.

மாசம் நிறைந்துகொண்டே வந்தது. கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் எங்கள் ஊர் வண்டிக்கார வெங்கடப்பன் தளியிலிருந்து காய் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவள் வாசலில் வண்டியை நிறுத்தினான். அவனும் வீட்டில் கன்னடம் பேசுகிறவன்தான். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"அக்கா, ராஜாத்தி மாமியாரு வழியில பார்த்தாங்க. மஞ்ச வேணுமாம். குடுத்தனுப்பச் சொன்னாங்க."

கன்னடத்தில் கட்டிலுக்கு மஞ்ச என்றுதான் பெயர். நாங்கள் மஞ்சளையும் பேச்சில் மஞ்ச என்போம். நாக்கைப் பொறுத்து அழுத்தம் கொஞ்சம் மாறும். எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். வெங்கடப்பனும் கட்டில் என்றே நினைத்தான். ஜோதியம்மாள் வேறு எதையும் நினைக்கிற நிலையில் இல்லை. நான்கூட நினைக்கவில்லை. அவள் தோட்டத்து மஞ்சளைத்தான் ஊரெல்லாம் பிரசவத்துக்கு வாங்கிக்கொண்டு போகும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே அப்போது மறந்துபோயிற்று.

"உன் வண்டி மறுபடி எப்பத் தளிக்குப் போவும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு விடியக்காலம்."

"நானும் வர்றேன்."

மறுநாள் நாலு பேர் கூடிக் கட்டிலை ஏற்றினார்கள். ரொம்ப நாள் கழித்து அதைத் தூக்கினதால் ஆளாளுக்கு முனகினார்கள். "ஜோதியக்கா, இதுக்கு ஒரு லாரி வெச்சிருக்கலாம்" என்றான் ஒருத்தன். "தூக்குடா, நீ பொறந்து இதுல வந்தப்ப எவனும் முனகல" என்றாள் அவள். கல்யாணத்துக்குப் போகிறவள்போல நல்ல சேலை கட்டியிருந்தாள். வெங்கடப்பன் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கட்டில்மேல் உட்காரவில்லை.

அங்கே நடந்ததை வெங்கடப்பன் எனக்குச் சொன்னான்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். வெங்கடம்மாள் வெளியே வந்து வண்டியைப் பார்த்து நின்றாள்.

"வாங்க சம்பந்திம்மா. இதென்னா, ஊடு மாத்திக்கிட்டுப் போறீங்களா?"

"நீங்கதானே மஞ்ச கேட்டீங்க."

வெங்கடம்மாளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, நான் உங்களுக்குப் புரியட்டும்னு தமிழ்ல சொன்னேன். எங்க பாஷையில அரிசினம்னே சொல்லி இருக்கலாம். குளிக்க வைக்கிற மஞ்சளுங்க."

"நான் அதை உங்க பாஷைன்னு கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லி ஜோதியம்மாளும் சிரித்தாளாம். கையில் ஒரு துண்டு மஞ்சள்கூட இல்லை.

உள்ளே போனால் புதுப் பெட்டிக் கட்டில் போட்டிருந்தது. பிசின் வாசனை இன்னும் போகவில்லை. வெங்கடம்மாள் பலகையைத் தட்டிக் காட்டினாள். "ஓசூர்ல என் மகன் வாங்கினான். தீட்டுக் கழிஞ்சா உடைச்சு வெந்நீர் அடுப்புக்கு வெச்சிருவோம். நம்ம பக்கம் குளிருக்கு அதுவும் ஆச்சு."

ராஜாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து வண்டியின் ஓரத்தைத் தொட்டாள். "பெரியம்மா, வெச்சுட்டுப் போயேன். கொட்டகையில கெடக்கட்டும்."

"கொட்டகையில மாடு இடிக்கும்மா" என்றாள் வெங்கடம்மாள். "மழையில நனையும். அவங்க அப்பா குடுத்த பொருளு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாம எங்க போறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. சோறு போட்டாள், களி போட்டாள், நெய் விட்டாள். ஜோதியம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிளம்பும்போது ராஜாத்தி உள்ளே ஓடப் பார்த்தாள்.

"எங்கடி போற?" என்றாள் மாமியார்.

"அவரைக்காய் எடுத்தாறேன். கட்டிலை வெறுமனே திருப்பக்கூடாது அத்தே."

"எறக்கவே இல்லையேம்மா. எறக்காததைத் திருப்பறது எப்படி?"

ராஜாத்தி பெரியம்மா முகத்தைப் பார்த்தாள். ஜோதியம்மாள், "உள்ள போ, வெயில்ல நிக்காத. மஞ்சளை நாளைக்கே அனுப்பறேன்" என்று சொல்லி முன்னால் ஏறிக்கொண்டாள்.

ஊர் தாண்டி வெகுதூரம் வந்தார்கள். வெங்கடப்பனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தப்பாக வாங்கிவந்த சொல் அவனுடையது. ஒரு ஏரிக்கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினான்.

"அக்கா, நீ பின்னாடி ஏறி ஒக்காரு."

"ஏன், நான் இங்க ஒக்காந்தா உன் மாட்டுக்கு வலிக்குதா?"

"காலியா ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு எனக்கு ஒருமாதிரியா இருக்குதுக்கா. அது வெறுமனே வந்ததே இல்ல. நான் பொறந்தப்பக்கூட அம்மா அதுலதான் படுத்திருந்திச்சாம்."

அவள் முன்னாலிருந்து இறங்கினாள். அப்புறம் சக்கரத்தில் கால் வைத்து ஏறிக் கட்டில்மேல் உட்கார்ந்தாள். அவன் வண்டியை ஓட்டினான். இன்னொரு மேடு ஏறும்போது திரும்பிப் பார்த்தான், படுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி தெருவுக்குள் வந்தது. கட்டில்மேல் ஆள் கிடப்பதைப் பார்த்து கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஓடினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். நல்ல சேலையெல்லாம் தூசி.

"என்னாச்சு அக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. வெறுமனே வரக்கூடாதுன்னு இவன் அடம் புடிச்சான்."

இறக்குகிறவர்கள் வந்தார்கள். அவள் முன்னால் இறங்கித் தானே வாசலில் போய் நின்றுகொண்டாள், பிள்ளையை வாங்க வழக்கமாக நிற்கிற இடத்தில். அவர்கள் கட்டிலை உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஒரு மூட்டை மஞ்சள் போயிற்று. ராஜாத்திக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பெட்டிக் கட்டில் நன்றாகவே தாங்கியது. பிறகு அதை எரித்தும் விட்டார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்தபிறகு ஒருமுறை ராஜாத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். அது முகம் தெரியாமல் அழுதது. சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

வண்டியில் வந்த அன்றிலிருந்து ஜோதியம்மாள் பாயில் படுக்கவில்லை, கட்டிலில்தான். கதவு திறந்திருந்தால் என் வாசலிலிருந்து தெரியும். அவ்வளவு அகலத்தில் நடுவே படுக்க மாட்டாள். சுவர்ப் பக்கம் இடம் விட்டு, வெளி ஓரத்தில் ஒருக்களித்துப் படுப்பாள், கைப்பிள்ளைக்காரிகள் படுக்கிறமாதிரி.

"விழுந்துடப் போற அக்கா, உள்ள தள்ளிப் படு" என்று ஒருநாள் சொன்னேன்.

"இவ்ளோ எடம் போதும் எனக்கு" என்றாள்.