துணியை விலக்கிப் பார்த்தவர்

மங்கையர்க்கரசி டீச்சர் இறந்துவிட்டார் என்று காலையில் ஃபோன் வந்தபோது என் மடியில் கைக்குழந்தையான மகன் காய்ச்சலோடு படுத்திருந்தான். கல்வராயன் மலைப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த தமிழாசிரியர்தான் பேசினார். "டீச்சர் போயிட்டாங்கம்மா. நெஞ்சு வலியாம். சாயங்காலம் எலவனாசூர்கோட்டைல எடுக்கறாங்க" என்றார். "வந்துடறேங்க சார்" என்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகுதான் மகன் மூக்கடைத்து மூச்சு விடும் சத்தம் காதில் உறைத்தது.

டீச்சரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளிமலைப் பக்கத்தில் இருந்த அந்த மலைப் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியை. நலம் விசாரிப்பதைக்கூட அதட்டுவதுபோலத்தான் விசாரிப்பார். தற்காலிக ஆசிரியையாக அங்கே சேர்ந்த புதிதில் அவரைக் கண்டாலே நான் ஒதுங்கிப் போவேன். என் கணவர் அப்போது சென்னையில் வேலை பார்த்தார். பள்ளிக்கு அருகிலேயே வாடகை வீடு பிடித்து, கைக்குழந்தை யாழினியோடு நான் தனியாக இருந்தேன்.

அந்தக் கார்த்திகை மழையில் யாழினிக்குச் சளி பிடித்தது. மலைக் குளிருக்குப் பயந்து சட்டைமேல் சட்டை போட்டு, குல்லா மாட்டி, கம்பளியில் சுற்றி, ஜன்னலையும் சாத்தி வைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெறும் சளிதான் என்றார்கள். எனக்கும் அதைக் கேட்கத்தான் பிடித்தது. மறுநாள் மதியம் டீச்சர் வந்தார். உட்காரக்கூட இல்லை. நேராகக் குழந்தையிடம் போய்க் கம்பளியைப் பிரித்து, சட்டையை மேலே தூக்கினார்.

"இன்னா பண்றீங்க டீச்சர், கொழந்த நடுங்கிடும்" என்று கத்தியேவிட்டேன்.

"கத்தாத ஜெயந்தி. இங்க வந்து பாரு. மூச்சு இழுக்கும்போது வெலாவுக்குக் கீழ குழி வுழுது பாரு. பால் குடிச்சுதா?"

"காலைலேர்ந்து சரியா குடிக்கலீங்க."

"அப்பறம் இன்னா பாத்துக்கினு இருக்க? கெளம்பு."

குழி விழத்தான் செய்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன வயிற்றுக்கு மேலே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அத்தனை துணிக்குள் அது எப்போதிலிருந்து நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஜீப் ஒன்றைப் பிடித்து மலை இறங்கினோம். குழந்தையை டீச்சர்தான் வைத்திருந்தார். முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு, கண்ணை அந்த நெஞ்சைவிட்டு எடுக்காமல் வந்தார். "சாரல் அடிக்குதுங்க, நல்லா மூடிக்குங்க" என்றார் டிரைவர். "மூடிட்டா எனக்கு இன்னாப்பா தெரியும்?" என்றார் டீச்சர். கள்ளக்குறிச்சியில் பார்த்த மருத்துவர் நிமோனியா என்று சொல்லி உடனே ஆக்ஸிஜன் வைத்தார்.

யாழினி கண் திறந்து பால் குடித்த அன்றுதான், ஆஸ்பத்திரி வராண்டாவில் டீச்சர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். தவழ ஆரம்பிக்கும் முன்பே போய்விட்ட பிள்ளை. அதற்கு முன் அவர் யாரிடமும் அதைப் பேசியதில்லை.

"அவனுக்கும் சளிதான். எல்லாரும் பாசமாத்தான் மூடி மூடி வச்சோம். அவன் மூச்சுக்குத் தவிச்சது துணிக்குள்ளயே முடிஞ்சுபோச்சு. ஒருத்தரும் பாக்கல. பெத்தவ நானும் பாக்கல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிறிது நேரம் விட்டுவைத்துவிட்டு, பில்லு கட்டணும் என்று எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகுதான் பஸ்ஸில் அவர் செய்யும் காரியம் எனக்குப் புரிந்தது. மூட்டைபோலச் சுற்றிய குழந்தை இருமினால் போதும், டீச்சர் எழுந்து போய்விடுவார். "கொஞ்சம் துணிய வெலக்கிக் காட்டும்மா" என்பார். சிலர் காட்டுவார்கள். ஒருமுறை ஒரு பெண், "யாரு நீ? எம் புள்ளைய இன்னாத்துக்குத் தொறந்து பாக்கற, கண்ணு வைக்கவா?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். எனக்கு அவமானமாக இருந்தது. "உங்களுக்கு ஏங்க டீச்சர் இந்த வேல?" என்றேன். "திட்டட்டும் ஜெயந்தி. அந்தத் திட்டுற நேரத்துல பாத்துட்டேன். நல்லாத்தான் மூச்சு வுடுது" என்றார்.

பல தடவை அவர் பயந்தது வீணாகத்தான் போனது. அடைமழையில் ஒரு கூலிக்காரக் குடும்பத்தை மலையிலிருந்து இறக்கி அழைத்துப் போனார். ஒன்றுமில்லை, சளி என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். வேலை கெட்டுப்போன தகப்பன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எங்கள் ஆசிரியர் அறையில் அவரை 'டாக்டரம்மா' என்று கேலி செய்வோம். "வெறும் சளின்னு டாக்டரு சொல்லணும். நாம சொல்லிக்கக் கூடாது" என்பார், கேலிக்குக் கோபித்ததே இல்லை.

இன்று காலை முழுக்க நான் மகனின் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒருமுறை பார்த்தால் குழி விழுவதுபோல் இருந்தது. மறுமுறை இல்லை. டீச்சர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். கேட்க வேண்டிய நாளில் அவர் இல்லையே என்று அழுதேன், கோபமும் வந்தது. "நீ எழவு வூட்டுக்குப் போய்ட்டு வா, புள்ளைய நான் காட்டிக்கினு வரேன்" என்றார் கணவர். பிள்ளையை அவர் கையில் கொடுக்கப் பார்த்தேன். என் கை வரவில்லை.

இப்போது நாங்கள் இருக்கும் தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் கூட்டம். அங்கே டீச்சரை எடுக்கும் நேரத்தில் இங்கே நான் பிள்ளையோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் சளிதாம்மா. நல்லா பால் குடு. குடிக்கலன்னாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக்கினு வா" என்றார். நான் அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு ஏன் அழுகிறாள் என்று அவர் விழித்தார்.

திரும்பி வந்தது உளுந்தூர்பேட்டை பஸ். தியாகதுருகத்தில் நாங்கள் இறங்கினோம். கண்டக்டர் விசில் கொடுத்ததும் பஸ் எலவனாசூர்கோட்டைப் பக்கம் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை சாலையோரம் நின்றேன்.

இறங்காமல் இருந்திருந்தால் உங்கள் ஊர்தான், டீச்சர். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வரவில்லை. பிள்ளைக்குச் சளி. போய் வாருங்கள்.